எஃப் ஓட்டை வழியாக வயரிங் முழுவதையும் வெளியே எடுப்பது எப்படி? (ஹாலோபாடி கிட்டார், உப்புக்காற்று)

பாம்பன் வயர்மேன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாம்பனில் விசைப்படகுகளுக்கு வயரிங் பார்க்கிறவன். பேட்டரி, ஆல்டர்நேட்டர், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் எல்லாம் கைப்பழக்கம். சால்டரிங் அயர்ன் பிடித்து 19 வருடம் ஆகிறது. அதனால் வயர் என்றால் என்ன என்பதிலிருந்து யாரும் தொடங்க வேண்டாம். கிட்டார் வாசிக்கத் தெரியும். அதன் வயிற்றுக்குள் இருப்பதுதான் தெரியாது.

கிட்டார் முழு ஹாலோபாடி, அதாவது உள்ளே வெறும் கூடு, நடுவில் மரக்கட்டை கிடையாது. மேல்பலகையில் எஃப் எழுத்து வடிவில் ஓட்டை. கொரியாவில் செய்தது என்று விற்றவர் சொன்னார். தலையில் இருந்த பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. 2 ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), 2 வால்யூம், 2 டோன், ஒரு மூன்று நிலை சுவிட்ச், பக்கவாட்டில் கேபிள் செருகும் ஜாக். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மரத்தால் ஆனது, மேல்பலகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸ் ஊஞ்சல் மாதிரி அடிப்பக்கத்திலிருந்து தொங்குகிறது. நான்கு வருடம் முன்பு மதுரையில் ஒரு பெரியவரிடம் 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். அவர் வீட்டில் இருந்தவரை நன்றாக இருந்தது என்று நம்புகிறேன். என் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் ஜன்னல் கண்ணாடியை நக்கிப் பார்த்தாலே உப்புக் கரிக்கும். அந்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில்தான் கிட்டாரை மாட்டியிருந்தேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

இப்போது என்ன பிரச்சினை என்றால், கழுத்துப் பக்கத்து பிக்கப் வருகிறது, போகிறது. சுவிட்சை லேசாகத் தட்டினால் திரும்ப வருகிறது. வால்யூமைத் திருப்பினால் அப்பளம் நொறுக்குகிற சத்தம். இது எல்லாவற்றையும் விட, ஆம்ப்பில் எப்போதும் ஒரு 'ம்ம்ம்'. கம்பியைத் தொட்டால் அது குறைய வேண்டும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை.

எஃப் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு, கைக்கு எட்டிய ஒரு வயரை நிமிண்டினேன். விரலில் பச்சையாகக் களிம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் செல்போன் டார்ச்சும் மனைவியின் பவுடர் டப்பாக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். வலை போட்ட வயர் நாலைந்து, பொட்டு வைத்த மாதிரி ஈயம், தூசி, ஒரு செத்த கரப்பான்.

படகில் எதைப் பிரித்தாலும் அதற்கு ஒரு மூடி இருக்கும். இதைச் செய்தவன் மூடியே வைக்கவில்லை. காரைக்குடிப் பக்கம் ஒருவரிடம் போனில் கேட்டதற்கு, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், கிட்டாரை இங்கே விட்டுவிட்டுப் போங்கள், ஒரு மாதம் ஆகும் என்றார். ஜூன் 13 அந்தோணியார் திருநாள். கோயிலில் பாடகர் குழுவோடு வாசிக்க வேண்டும். தடைக்காலம் வேறு நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது என்பதால் நான் ஓய்வாக இருப்பேன் என்று ஊருக்கு வெளியே நினைக்கிறார்கள். அந்த 61 நாளில்தான் எல்லா முதலாளியும் படகைக் கரையேற்றி என்னைத் தேடுவார்கள். கையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்.

முழுசாக மாற்றத்தான் வேண்டுமா? மாற்றினால், மூடியில்லாத பெட்டிக்குள் எப்படி இறங்குவது?


மதுரை ஃப்ரெட் எழுதியது:

தம்பி, அயர்னைச் சூடாக்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். கிட்டாரைத் திறக்காமலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஒரு நல்ல கேபிளை எடுத்து முதலில் அந்தக் கேபிளையே சோதித்துவிடுங்கள். கேபிள் பழுதுக்குக் கிட்டாரைப் பிரித்தவர்கள் வாரம் ஒருவர் என்னிடம் வருகிறார்கள். பிறகு ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனையில் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். எல்லாக் குமிழும் 10-ல் இருக்கட்டும். ஹம்பக்கர் என்றால் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 7, 8 கிலோ ஓம் பக்கம் காட்டும். சுவிட்சை நடுவில் வைத்தால் இரண்டும் பேரலல் ஆகிவிடும். அதில் பாதி வர வேண்டும். சுவிட்சை ஆட்டும்போது எண் ஓடினால் பழி சுவிட்ச்மேல். வால்யூமைக் குறைக்கும்போது எண் முதலில் ஏறும், நூறு கிலோவுக்கு மேல்கூடப் போகும், பிறகு இறங்கிப் பூஜ்யத்தில் நிற்கும். பயப்பட வேண்டாம், பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொடென்ஷியோமீட்டர்) அப்படித்தான் வேலை செய்யும். நடுவில் எங்காவது எண் தாவினால் கார்பன் பாதை போய்விட்டது.

கடைசியாக மீட்டரின் ஒரு முள்ளைப் பிளக்கின் உடலிலும் இன்னொன்றை டெயில்பீஸிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உங்கள் 'ம்ம்ம்' அங்கேதான் குடியிருக்கிறது. உள்ளிருந்து டெயில்பீஸ் அடிக்கு ஒரு தனி வயர் போகும். கம்பிகள் எர்த் ஆவது அதன் வழியாகத்தான்.

மூடி இல்லை என்கிறீர்களே, இருக்கிறது. பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பின் சட்டத்தில் நான்கு திருகு இருக்கும். கழற்றினால் சுமார் 70-க்கு 40 மில்லிமீட்டர் அளவில் ஒரு ஜன்னல் கிடைக்கும். கிப்சன் 335 மாதிரி கிட்டார் என்றால் அதன் கீழே மரக்கட்டை உட்கார்ந்திருக்கும், பாடுதான். உங்களுடையது முழு ஹாலோ என்பதால் நேராக வயிற்றுக்குள் போகலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கம்பியைத் தளர்த்தும் முன், மரப் பிரிட்ஜ் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி மாஸ்க்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். கம்பி போனால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். அப்புறம் பன்னிரண்டாம் கட்டையில் ஹார்மானிக்கையும் அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு அரை நாள் போகும்.


பாம்பன் வயர்மேன் எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரியே அளந்துவிட்டேன்.

பிரிட்ஜ் பிக்கப் 7.9 கிலோ ஓம், அசையவில்லை. கழுத்துப் பிக்கப் 7.4, சுவிட்சைச் சுண்டுவிரலால் தொட்டாலே மீட்டர் ஓப்பன் (இணைப்பு இல்லை) காட்டுகிறது. நடுவில் 3.8. கழுத்து வால்யூம் பாதி வழியில் 40-லிருந்து ஒரேயடியாகக் காணாமல் போய், திரும்பி வருகிறது. டெயில்பீஸுக்கும் பிளக்குக்கும் நடுவே ஒன்றுமே இல்லை, ஓப்பன்.

ஆக பிக்கப் இரண்டும் நலம். போனது வழியில் இருக்கிறவைதான். படகிலும் இதே கதைதான்: மோட்டார் எரிந்துவிட்டது என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் லக்கில் (வயர் முனையைப் பொருத்தும் உலோகக் காது) பச்சை.

(எங்கள் ஊரில் ஃபோனில் 'பிரிட்ஜைக் கழற்றப் போகிறேன்' என்று சொல்லக் கூடாது என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன். பாம்பன் ரயில் பாலம் என்று நினைத்து, 1914-இல் திறந்ததா, 2025-இல் திறந்ததா என்று கேட்கிறான் மச்சான்.)


ஆறாம் தந்தி எழுதியது:

நான் மதுரை ஃப்ரெட் சாரிடமிருந்து கொஞ்சம் மாறுபடுகிறேன். சுவிட்சும் ஒரு பாட்டும் எர்த் வயரும் போயிருக்கிறது என்றால் மீதி மூன்று பாட்டும் அதே காற்றைத்தான் நான்கு வருடமாகச் சுவாசித்திருக்கின்றன. இன்று ஒன்றை மாற்றிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு மறுபடி பிரிப்பீர்கள். எப்படியும் இறங்கப் போகிறீர்கள், மொத்தமாக மாற்றிவிடுங்கள். பொருளுக்கு ஆகும் செலவு ஒரு செட் கம்பியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் வாங்கும்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் தேடி அலுத்து, கடைசியில் வெளிநாட்டிலிருந்து 24 மில்லிமீட்டர் பெரிய பாட் நான்கு வரவழைத்தேன். என்னுடையது நடுவில் கட்டை உள்ள கிட்டார், எஃப் ஓட்டை மட்டும்தான் வழி. என்ன திருப்பினாலும் நுழையவில்லை. அதோடு விட்டேனா? அந்தப் பாட்டின் கழுத்து இஞ்ச் கணக்கு, கிட்டாரில் இருந்த துளை மில்லிமீட்டர் கணக்கு. துளையைப் பெரிதாக்கலாம் என்று டிரில் வைத்தேன். பிளைவுட் மேல்பலகை, வார்னிஷ் ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. இன்றும் குமிழுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பிறை தெரியும். விருந்தாளிகள் வந்தால் அந்தப் பக்கம் கையை வைத்துக்கொள்வேன்.

எனவே 16 மில்லிமீட்டர் சின்ன பாட்டே போதும். ஹம்பக்கருக்கு 500 கே (கிலோ ஓம்). கடைக்காரர் 'பி' கொடுப்பார், நீங்கள் 'ஏ' கேளுங்கள். பி என்றால் லீனியர், குமிழ் திரும்பும் அளவுக்கே ரெசிஸ்டன்ஸ் மாறும். சத்தம் எல்லாம் குமிழின் ஒரு கோடியிலேயே குவிந்துவிடும். தண்டின் பல்லையும் பாருங்கள். பெரிய பாட்களில் 24 பல், சின்னவற்றில் 18. பழைய குமிழ் ஏறாவிட்டால் இரண்டு நாள் மனசு கெடும்.

கெபாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட். மேலே 223 என்று அச்சிட்டிருக்கும். எந்த நிறம், எந்த நாடு என்று மன்றங்களில் சண்டை நடக்கும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மதிப்பு சரியாக இருந்தால் போதும்.


கொண்டல்காற்று எழுதியது:

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். 22 வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன், உப்போடு பிழைப்பு நடத்துகிறவன். தம்பிக்கு இரண்டு விஷயம்.

உங்கள் படகுப் பெட்டியில் ஒரு சால்டர் பேஸ்ட் டப்பா இருக்கும், பேட்டரி லக்குக்குப் போடுவது. அதைக் கிட்டார் பக்கம் கொண்டுவராதீர்கள். அதில் உள்ள அமிலம் சால்டர் வைத்த பிறகும் உள்ளேயே இருந்து தின்னும். ஈரக்காற்றில் இன்னும் வேகமாகத் தின்னும். ரோசின் உள்ளே வைத்த 60/40 ஈயம் போதும். அது 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், ஆனால் பாட்டின் முதுகு சூட்டைக் குடிக்கும். 25 வாட் அயர்னை வைத்து மூன்று நிமிடம் தேய்த்தால் ஈயம் ஒட்டாது, உள்ளே கார்பன்தான் வேகும். 60 வாட்டை வையுங்கள், முதுகை உப்புத்தாளால் சுரண்டுங்கள், மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

வலை போட்ட ஷீல்டு வயரில் அந்த வலையே எர்த். சும்மா விட்டால் எங்காவது லக்கில் சாய்ந்து சத்தத்தை முழுங்கிவிடும். இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள், நம் ஊர் வெயிலில் ஆறு மாதத்தில் பசை ஒழுகி அவிழ்ந்துவிடும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள்.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. எர்த் வயரைச் சரிசெய்த பிறகு உங்கள் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்துவிடும். திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டர் ஓடும், ஆம்ப்பின் மூன்றாவது பின்னை யாராவது உடைத்திருப்பார்கள், மைக் வேறு லைனில் இருக்கும். கையில் கம்பி, உதட்டில் மைக் என்றால் நடுவில் நீங்கள்தான் வயர். நான் பார்த்திருக்கிறேன், பையன் பின்னால் போய் விழுந்தான். அல்லாஹ் காப்பாற்றினான். வாசிக்கும் முன் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முள்ளைக் கம்பியிலும் ஒன்றை மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாட்டு அப்புறம், எர்த்தைத் தேடுவது முதலில்.

டோனுக்கு சீலிங் ஃபேன் கெபாசிட்டர் ஆகுமா என்று ஒருவர் போன வருடம் என்னிடம் கேட்டார். அது 2.5 மைக்ரோஃபாரட், நூறு மடங்குக்கும் மேல். டோனைக் குறைத்தால் கிட்டார் தலையணைக்கு அடியில் வாசிப்பதுபோல் கேட்கும்.


பாம்பன் வயர்மேன் எழுதியது:

கீழக்கரை காக்கா (அண்ணன்), அந்தப் பேஸ்ட் டப்பாவை நிஜமாகவே மேஜைமேல் எடுத்து வைத்திருந்தேன். நல்ல நேரத்தில் சொன்னீர்கள். ஆறாம் தந்தி அக்கா சொன்னபடி மொத்தமாக மாற்றுவது என்று முடிவு. ஒரு சின்னக் கேள்வி: 'ஐம்பதுகள் வயரிங்' என்று ஒன்று அடிபடுகிறதே, அதைச் செய்யலாமா?


மதுரை ஃப்ரெட் எழுதியது:

ஒரே ஒரு வயர் வித்தியாசம். இப்போதைய வழியில் டோனுக்குப் போகும் இணைப்பு வால்யூமின் உள்வரும் காலிலிருந்து பிரியும். ஐம்பதுகள் வழியில் நடுக்காலிலிருந்து பிரியும். வால்யூமைக் குறைக்கும்போது கிணற்றுக்குள் போன மாதிரி மந்தமாவது குறையும். ஆனால் வால்யூமைத் தொட்டால் டோனும் கொஞ்சம் நகரும், டோனைத் தொட்டால் வால்யூமும். பாடகர் குழுவுக்குப் பின்னால் அடக்கி வாசிக்கிறவருக்கு நான் இதைத்தான் போட்டுக் கொடுப்பேன்.

மொத்தமாக மாற்றுவதுபற்றி அந்த அம்மா சொன்னது சரிதான். நான் எல்லோரையும் மலிவாக முடிக்கச் சொல்லிப் பழகிவிட்டேன்.


பாம்பன் வயர்மேன் எழுதியது:

முடித்துவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, 1,640 ரூபாய், ஒரு கொப்புளம். அடுத்து யாராவது தேடி வருவார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

பிரிட்ஜைச் சுற்றி டேப் ஒட்டி, கம்பியை இறக்கி, பிக்கப்பைக் கழற்றினேன். அண்ணன் சொன்ன ஜன்னல் அங்கே இருந்தது. நான்கு வருடமாக அதன்மேல்தான் கையை வைத்து வாசித்திருக்கிறேன்.

பாட்டை வெளியே எடுப்பது பெரிய காரியம் இல்லை. நட்டைக் கழற்றி உள்ளே தள்ளினால் போயிற்று. புதியதை அதே துளைக்குள் திரும்ப முளைக்க வைப்பதுதான் வித்தை. மீன் தொட்டிக்குக் காற்று போகிற ட்யூப் இருக்கிறதே, அதைச் சுடுதண்ணீரில் முக்கினால் பாட்டின் 6 மில்லிமீட்டர் தண்டில் இறுக்கமாக ஏறுகிறது. பழைய பாட்டைத் தள்ளும் முன்பே வெளியிலிருந்து தண்டில் ட்யூபை மாட்டிவிட்டால், பாட் உள்ளே போகும்போது ட்யூபும் கூடப் போகும். ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, பழையதைப் பிடுங்கி, புதியதை மாட்டி, மறுமுனையை இழுத்தால் தண்டு துளையில் வந்து எட்டிப் பார்க்கிறது. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு மீன் தொட்டிக் கடையைத் தேடி ராமநாதபுரம் வரை போனவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜாக்குக்கும் சுவிட்சுக்கும் தங்கூசி (மீன்பிடிக்கிற நைலான் நரம்பு). வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. பக்கவாட்டு ஓட்டை வழியாகத் தங்கூசியை விட்டு, ஜன்னலில் பிடித்து, ஜாக்கின் ஓட்டைக்குள் கோத்து, பின்னால் தீக்குச்சித் துண்டு ஒன்றைக் குறுக்கே முடிந்து இழுத்தேன். தூண்டிலில் வாவல் மீன் மாட்டின மாதிரி நேராக வந்தது. நட்டைப் போட்ட பிறகு குச்சியை உடைத்துத் தங்கூசியை உருவிவிடலாம்.

அந்த எர்த் வயரைச் சொல்லியாக வேண்டும். டெயில்பீஸ் அடியில் ஒரு சின்னத் துளை வழியாக வருகிறது. மேல்தோல் கறுப்பாக, புதுசு மாதிரிதான் இருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன். தோல் மட்டும் கையோடு வந்தது. உள்ளே செம்பு இருந்த இடத்தில் பச்சைப் பொடி, நடுநடுவே நெத்திலிக் கருவாட்டு முள் மாதிரி ஒடிந்த துண்டுகள். ஈயம் வைத்த இரண்டு முனையும் அப்படியே பிடித்திருக்கிறது, நடுவில் வயரே இல்லை. அதற்குப் பதிலாகப் படகுக்குப் போடுகிற ஈயம் பூசிய செம்பு வயரில் ஒரு முழம் போட்டேன். இப்போது டெயில்பீஸிலிருந்து பிளக் வரை 0.4 ஓம்.

வயரிங் முழுவதையும் வெளியிலேயே முடித்துவிட வேண்டும் என்பதால், கிட்டாரின் முகத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் துளைகளைப் பிரதி எடுத்து, அட்டையில் ஓட்டை போட்டு, பாட்களை அதில் நிறுத்தி சால்டர் செய்தேன். உள்ளே விடும் முன் ஆம்ப்பில் மாட்டி பிக்கப்பின் திருகை ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன். டொக், டொக். இரண்டும் பேசின. உள்ளே விட்டு, எல்லா நட்டையும் முறுக்கி, கம்பி மாட்டி, சுருதி சேர்த்து வாசித்தால் கழுத்துப் பிக்கப் ஊமை. மீட்டர் பூஜ்யம் காட்டியது. காக்கா சொன்ன அதே வலை. ஒரே ஒரு இடத்தில் ஸ்லீவ் அரை இஞ்ச் குட்டையாக இருந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி கஞ்சிகூடக் குடிக்காமல் படுத்துவிட்டேன். இரண்டாவது ஞாயிறு அதற்குத்தான் போனது.

இப்போது சத்தம் சுத்தம். கம்பியில் கை வைத்தால் 'ம்ம்ம்' நிற்கிறது, எடுத்தால் வருகிறது. அது நிற்பதைக் கேட்பதற்காகவே பத்துத் தடவை கையை வைத்து வைத்து எடுத்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். 13-ஆம் தேதி பந்தலில் மைக்குக்கும் கம்பிக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தேன், அரை வோல்ட்டுக்கும் கீழே. தேர் கிளம்பும்வரை வாசித்தோம்.

ஒரே ஒரு குறை. முகத்திலிருந்து எடுத்த பிரதியை அட்டையின் முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்து சால்டர் செய்திருக்கிறேன். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறிவிட்டது. பிரிட்ஜ் வால்யூம் இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து வால்யூம் உட்கார்ந்திருக்கிறது.


ஆறாம் தந்தி எழுதியது:

அட்டையைக் கவிழ்த்த கதை எனக்கும் உண்டு, சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். திரும்பப் பிரிக்கப் போகிறீர்களா?


பாம்பன் வயர்மேன் எழுதியது:

இல்லைக்கா. கம்பி அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம். பாடகர் குழுவில் ஒரு பையன் என் கிட்டாரை எடுத்து வாசித்துவிட்டு, எந்தக் குமிழ் எதற்கு என்றே தெரியவில்லை என்று திரும்ப வைத்துவிட்டான். அதிலும் ஒரு வசதி இருக்கிறது. கிட்டாரை இப்போது உள் அறையில் பெட்டிக்குள் வைக்கிறேன். ஜன்னலுக்கு எதிரே காலண்டர் மாட்டியாயிற்று.